அக்குள் விவகாரம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஏழு வயதுச் சிறுவன் விளையாடிவிட்டு வந்தால் சட்டையைப் பிழியலாம் போல நனைந்திருக்கிறது. டியோடரன்ட் பூசத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். மனித உடலில் வியர்வைச் சுரப்பிகள் இரு வகைப்படும். உடல் முழுவதும் 20 முதல் 40 லட்சம் வரை பரவியிருந்து, உப்பு கலந்த நீரைச் சுரந்து உடற்சூட்டைத் தணிப்பவை எக்ரைன் சுரப்பிகள். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மயிர்க்கால்களை ஒட்டி அமைந்து, பருவமடையும் காலம்வரை உறங்கிக் கிடந்து, அதன்பின் கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தைச் சுரப்பவை அப்போக்ரைன் சுரப்பிகள். கற்றாழை நாற்றம் என்று வீடுகளில் சொல்லப்படுவது, இந்த இரண்டாம் வகைத் திரவத்தைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைப்பதால் எழுவது. ஏழு வயதில் அச்சுரப்பிகள் இன்னும் விழிக்கவே இல்லை என்பதால், டியோடரன்ட் பூசுவது கட்டாத வீட்டுக்கு வெள்ளையடிப்பதாகவே முடியும். ஓடியாடிய பிள்ளைக்கு வியர்ப்பது உடல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்குச் சான்று. குடிக்கத் தண்ணீரும் குளியலும் மாற்றுச் சட்டையுமே அவனுக்குப் போதும்.

கேள்வி: மகனின் ராசிக்கு ஏற்ற சென்ட் எது?

பதில்: பன்னிரண்டு ராசிக்கும் சோப்பு பொருந்தும்.

கேள்வி: குளித்ததும் கழுத்து, அக்குள் எல்லாவற்றிலும் பவுடரைக் கொட்டினால் நாற்றம் வராதல்லவா?

பதில்: பவுடர் நாற்றத்தைச் சிறிது நேரம் மூடுமே தவிர, அதை உண்டாக்கும் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது, கைக்குழந்தைகள் அத்தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம் என்பதால், குழந்தை மருத்துவர்கள் அதை அறவே தவிர்க்கச் சொல்கின்றனர்.

கேள்வி: ஏழாம் வகுப்பில் எல்லாப் பையன்களும் பாடி ஸ்பிரே அடித்துக்கொண்டு வருகிறார்களாம். வாங்கித் தராவிட்டால் மானம் போகிறது என்கிறான். என்ன செய்வது?

பதில்: அக்குளுக்கும் மானத்துக்கும் முடிச்சுப் போட்டவர்கள் விளம்பரக்காரர்கள் என்பதை இப்பகுதி எழுதிச் சலித்ததில்லை. அமெரிக்காவில் ஓர் அறுவை மருத்துவர், சிகிச்சையின்போது கை வியர்க்காமல் இருப்பதற்காக உருவாக்கிய திரவத்தை, அவருடைய மகள் எட்னா மர்ஃபி ‘ஓடோரோனோ’ என்ற பெயரில் பெண்களின் அக்குளுக்கு விற்கத் தொடங்கினார். 1919இல் ஜேம்ஸ் யங் என்னும் விளம்பர எழுத்தாளர், ஒரு பெண்ணின் வியர்வை நாற்றத்தை ஊரார் அவளிடம் சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள் என்ற அச்சத்தையே விளம்பரமாக்கினார். சினந்த வாசகியர் அவ்விளம்பரத்தை வெளியிட்ட இதழின் சந்தாவை நிறுத்தினர். ஆனால் விற்பனையோ ஏறியது. அச்சம் நன்றாக விற்கும் சரக்கு என்பதை அன்று கற்றுக்கொண்ட வணிகம், இன்று பன்னிரண்டு வயதுப் பையனின் வகுப்பறைவரை வந்து நிற்கிறது.

ஆயினும் பையனின் கோரிக்கையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றங்கள் தொடங்குவது இயல்பு என்பதால், அவனுடைய சுரப்பிகள் விழித்திருக்கக்கூடும். பாக்டீரியாவைக் குறைத்து நாற்றத்தை மறைப்பது டியோடரன்ட்; அலுமினிய உப்புகளால் வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைத்து வியர்வையையே குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். முதலாவதே அவனுக்குப் போதும். அதிலும் மணம் குறைந்த ரோல்-ஆன் நல்லது. ஸ்பிரே எளிதில் தீப்பிடிக்கும், மூச்சுக்குள் போகும், மிக அருகில் வைத்து அடித்தால் குளிர்ச்சியாலேயே தோலைப் புண்ணாக்கும். எதுவானாலும் குளித்துத் துடைத்த அக்குளில் பூச வேண்டும்; குளிக்காத அக்குளில் அடித்தால் கப்பும் சென்ட்டும் கைகோத்து வரும்.

கேள்வி: பூண்டை நிறுத்தினால் உடல் நாற்றம் போகுமா?

பதில்: பூண்டின் கந்தகச் சேர்மங்கள் மூச்சிலும் வியர்வையிலும் சில மணி நேரம் மணக்கும் என்பது உண்மை, அதற்காக வளரும் பிள்ளைக்குப் பூண்டில்லாத ரசத்தைத் தண்டனையாக விதிக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆறு வயதுப் பெண் குழந்தையின் அக்குளில் பெரியவர்களைப் போல நாற்றம் வருகிறது. மென்மையான டியோடரன்ட் ஏதேனும் உண்டா?

பதில்: கடைக்குப் போகும் முன் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்னும் ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்னும் இந்நாற்றம் தோன்றினால், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் உரிய காலத்துக்கு முன்பே ஹார்மோன்களை அனுப்பத் தொடங்கியிருக்கலாம். பெரும்பாலும் இது தீங்கற்றது. எனினும் அக்குளிலோ பிறப்புறுப்பிலோ முடி, முகப்பரு, மார்பு வளர்ச்சி, திடீர் உயரம் ஆகியவை உள்ளனவா என்று பார்த்து, தேவையெனில் இடக்கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதையும் இரத்தத்தில் ஹார்மோன் அளவையும் மருத்துவர் கணிப்பார். உடல் அனுப்பும் செய்தியைப் படிக்காமலே அதன்மேல் மணம் பூசிவிடுவது குழந்தைக்குச் செய்யும் நன்மையாகாது.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தையை எத்தனை முறை குளிப்பாட்டினாலும் துர்நாற்றம் போகவில்லையே?

பதில்: மூக்கைப் பார்க்க வேண்டும். ஒரு துளையில் மட்டும் கெட்ட நாற்றத்துடன் சளி வடிந்தால், உள்ளே பட்டாணியோ பாசிமணியோ பஞ்சுத் துண்டோ குடியிருக்கக்கூடும்; அதனால் குழந்தையின் மேனி முழுவதுமே நாறுவதுண்டு. ஊக்கால் குத்தி எடுக்க முயலாமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் செல்வது நல்லது; உள்ளே போனது பட்டன் பேட்டரி எனில் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

கேள்வி: துவைத்த சீருடையும் பத்து மணிக்குள் நாறத் தொடங்குகிறதே, ஏன்?

பதில்: பாலியெஸ்டர் நீரை உறிஞ்சாது, ஆனால் வியர்வையின் எண்ணெய்ப் பசையை இறுகப் பற்றிக்கொள்ளும். சலவையில் முழுவதும் நீங்காத அப்பசை, உடற்சூடு ஏறியதும் மீண்டும் மணக்கிறது. சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, அக்குள் பகுதியையும் கழுத்துப்பட்டையின் உள்மடிப்பையும் சோப்புநீரில் ஊறவைத்துக் கசக்கி, வெயிலில் காயப்போடுவதும், உள்ளே பருத்திப் பனியன் அணிவிப்பதும், காலுறையை அன்றாடம் மாற்றுவதும் பயன் தரும். சித்திரை வெயிலைக் காணும் ஊரில் பாலியெஸ்டரையும் டையையும் மூடிய ஷூவையும் பிள்ளைகள் மேல் சுமத்தும் பள்ளிகள், பருத்திக்கும் செருப்புக்கும் மாறும்வரை இப்பகுதி இதைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கேள்வி: மகளின் உள்ளங்கை எப்போதும் சொட்டச் சொட்ட வியர்க்கிறது. தேர்வுத்தாள் நனைந்து மை பரவுகிறது. தோழிகள் கைகோக்க மறுக்கிறார்கள். அழகு நிலையத்தில் போடாக்ஸ் ஊசி போடலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: அழகு நிலையத்தில் கூடவே கூடாது. இது ஹைப்பர்ஹைட்ரோசிஸ், அதாவது சூட்டுக்குத் தேவையானதைவிட மிகையாக வியர்க்கும் நிலை. அழுக்காலோ பயந்த சுபாவத்தாலோ வருவதன்று, நரம்புகள் சுரப்பிகளை அளவுக்கு மீறித் தூண்டுவதால் வருவது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ பதின்பருவத்திலோ தொடங்கி, உறக்கத்தில் அடங்கிவிடும். தோல் மருத்துவரின் மேற்பார்வையில் இரவில் உலர்ந்த கையில் பூசும் அலுமினியம் குளோரைடும், நீர்த் தட்டில் கைகளை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் அயன்டோஃபோரெசிஸ் முறையும் முதலில் முயலத் தக்கவை. போடாக்ஸ் 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது பெரியவர்களின் அக்குள் வியர்வைக்கு மட்டுமே. நரம்பை வெட்டும் அறுவையோ, கையை உலர்த்திவிட்டு முதுகையும் வயிற்றையும் வியர்க்க வைக்கக்கூடியது. உறக்கத்திலும் ஆடை நனைந்து, எடை குறைந்து, இருமலும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை தேவை. பாலருந்தும்போது கைக்குழந்தைக்கு வியர்த்துக் கொட்டினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, தேர்வறையில் கைக்கடியில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ள ஆசிரியரிடம் அனுமதி வாங்கித் தருவதும், இது அவளுடைய குற்றமன்று என்று அவளிடம் சொல்வதும் பெற்றோரின் கடமை.

கேள்வி: இந்த விஷயத்தில் பெற்றோர் ஒருபோதும் செய்யக்கூடாதது எது?

பதில்: விருந்தினர் முன்னிலையில் பிள்ளையை மோந்து பார்ப்பது.