பதினேழுக்குப் பதினேழு: மயாமி டால்பின்ஸ் 1972

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் ஒரே ஒரு சீசனைப் பற்றித்தான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: 1972, மயாமி டால்பின்ஸ். லீக் சுற்றில் 14, பிளேஆஃப் எனும் நாக் அவுட் சுற்றில் 2, கடைசியில் சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டி. மொத்தம் 17 ஆட்டம், பதினேழிலும் வெற்றி. என்.எஃப்.எல். லீக்கில் இறுதிப் போட்டிவரை எல்லாவற்றையும் வென்று, தோல்வியோ டிராவோ இல்லாமல் சீசனை முடித்த அணி வேறு கிடையாது.

கேள்வி: எனக்கு அந்த ஆட்டமே புரியாது. சுருக்கமாகப் புரியவைக்க முடியுமா?

பதில்: ஒரு அணியில் களத்தில் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு. பந்தை இடுக்கிக்கொண்டு ஓடலாம், முன்னால் ஓடும் சகாவுக்கு வீசலாம். எல்லைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. முடியாவிட்டால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்ட் கோல், 3 புள்ளி. களத்தில் இந்த வேலையை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். அவர் கால் உடைந்தால் பெரும்பாலான அணிகளுக்கு அந்த ஆண்டு அன்றோடு முடிந்தது. மயாமிக்கு முடியவில்லை.

கேள்வி: யார் கால் உடைந்தது? எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: பாப் கிரீசியின் கால். அக்டோபர் 15, சீசனின் ஐந்தாவது ஆட்டம், சான் டியேகோவுக்கு எதிராக. எலும்பு முறிந்தது, கணுக்காலும் பிசகியது. பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் ஏர்ல் மோரல், வயது 38. சக வீரர்கள் பலர் முடி வளர்த்துத் திரிந்த காலத்தில் ஒட்ட வெட்டிய தலை. அந்த ஆண்டுதான் பால்டிமோர் கோல்ட்ஸ் அவரை வேண்டாம் என்று விட்டிருந்தது. லீக் விதிப்படி 100 டாலர் கட்டி மயாமி எடுத்துக்கொண்டது.

எடுத்தவர் பயிற்சியாளர் டான் ஷூலா. இருவருக்கும் பழைய காயம் ஒன்று உண்டு. 1969 ஜனவரியில் நடந்த மூன்றாவது சூப்பர் பவுலில் ஷூலா பால்டிமோர் பயிற்சியாளர், மோரல் அவருடைய குவார்ட்டர்பேக். அந்தச் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது மோரலுக்குத்தான் கிடைத்திருந்தது. பால்டிமோர் அனாயாசமாக ஜெயிக்கும் என்று நாடே நம்பியது. மோரல் வீசிய பந்தில் மூன்றை எதிரணி பறித்தது. நியூயார்க் ஜெட்ஸிடம் 16-7 என்று தோற்றார்கள். அந்த நாளை நேரில் பார்த்த பயிற்சியாளரே மூன்று ஆண்டு கழித்து அதே மனிதரை மாற்று ஆளாகத் தேடிப்போய் எடுத்தார். 1972 சீசனின் மிகப் பெரிய முடிவு என்று நான் இதைத்தான் சொல்வேன். ஒரு நாள் சொதப்பியதை வைத்து ஒரு மனிதனின் மொத்த ஆட்டத்தையும் ஷூலா எடைபோடவில்லை.

கேள்வி: ஆனாலும் மோரல் வெறும் ஸ்டெப்னிதானே?

பதில்: ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு இவ்வளவு தூரம் போன வண்டி எது? அடுத்த 11 ஆட்டங்களை அவர்தான் தொடங்கினார், பதினொன்றிலும் அணி வென்றது. அவர் தொடங்கிய முதல் ஆட்டத்தில் பஃபலோவை வென்றது ஒரே ஒரு புள்ளியில், 24-23. மூன்று வாரம் கழித்து நியூ இங்கிலாந்தை 52-0. ஷூலாவுக்கு அது பயிற்சியாளராக 100ஆவது வெற்றி.

கேள்வி: எதிர்த்து ஆடியவர்கள் எல்லாம் சோப்ளாங்கி அணிகள் என்கிறார்களே?

பதில்: லீக் சுற்றைப் பொறுத்தவரை குற்றச்சாட்டில் உண்மை உண்டு. மயாமியை எதிர்த்த அணிகளில் கன்சாஸ் சிட்டி, நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டு மட்டுமே தோல்வியைவிட வெற்றி அதிகமாகச் சீசனை முடித்தன. ஆனால் அட்டவணை போட்டது மயாமி அல்ல. மேலும் அந்தப் பஃபலோ ஜெயித்தது மொத்தமே 4 ஆட்டம். அதுதான் ஒரு புள்ளி வரைக்கும் நெருக்கிப் பிடித்தது. மோசமான அணி ஒருநாள் நன்றாக ஆடும், நல்ல அணி ஒருநாள் அசந்துபோகும். அப்படி அசந்த நாளில்கூட மயாமி தோற்கவில்லை. நான் மெச்சுவது அதைத்தான். கிரீசியின் கால் உடைவதற்கு முன்பு, மின்னசோட்டாவில் கடைசிக் கால்பகுதியில் 14-6 என்று பின்தங்கி நின்றார்கள். காரோ யெப்ரெமியன் 51 யார்டிலிருந்து ஒரு ஃபீல்ட் கோல் உதைத்தார், பிறகு கிரீசி வீசி ஒரு டச் டவுன். 16-14.

பிளேஆஃபிலும் சூப்பர் பவுலிலும் வந்தவர்களை யாரும் சோப்ளாங்கி என்று சொல்ல முடியாது. கிளீவ்லாண்ட் 10 வென்ற அணி, பிட்ஸ்பர்கும் வாஷிங்டனும் ஆளுக்கு 11.

கேள்வி: ‘பேர் தெரியாத தடுப்பணி’ என்ற பட்டம் எப்படி வந்தது?

பதில்: முந்தைய சீசனின் இறுதிப் போட்டிக்கு முன்னால், டாலஸ் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி மயாமியின் தடுப்பாட்டக்காரர்கள் பெயர் ஞாபகமில்லை என்றார். டாலஸ் 24-3 என்று ஜெயித்தும் விட்டது. அடுத்த ஆண்டு அதே ஆட்கள் 14 லீக் ஆட்டத்தில் 171 புள்ளிதான் விட்டுக்கொடுத்தார்கள், லீக்கிலேயே மிகக் குறைவு. மயாமி எடுத்ததோ 385, லீக்கிலேயே மிக அதிகம். பெயரைச் சொல்லிவிடுகிறேன், இனிமேலாவது நினைவில் இருக்கட்டும்: நிக் புவோனிகான்டி, மேனி ஃபெர்னாண்டஸ், ஜேக் ஸ்காட், டிக் ஆண்டர்சன், பில் ஸ்டான்ஃபில்.

கேள்வி: மெர்க்குரி மாரிஸ் சரியாக 1,000 யார்டு ஓடினாராமே! தற்செயலா?

பதில்: முதலில் கணக்கு 991. பஃபலோ ஆட்டத்தில் பந்து நழுவிய ஒரு தருணத்தில் அவர் பெயரில் 9 யார்டு கழித்திருந்தார்கள். படச்சுருளைப் போட்டுப் பார்த்த லீக், பிசகு அவருடையதல்ல என்று 9 யார்டையும் திருப்பித் தந்தது. லாரி ஜாங்கா 1,117. ஒரே அணியில் இரண்டு பேர் ஆயிரத்தைத் தொட்டது என்.எஃப்.எல்.லில் அதுவே முதல் தடவை. முன்னால் நின்று வழி பிளந்து கொடுத்த லாரி லிட்டில், ஜிம் லாங்கர், பாப் கூக்கன்பர்க் போன்றவர்களுக்கு யார்டுக் கணக்கே கிடையாது. இந்த ஆட்டத்தின் அநியாயங்களில் ஒன்று அது.

கேள்வி: இறுதிப் போட்டியில் யெப்ரெமியன் செய்த கூத்தை இன்றும் சிரித்துச் சிரித்துப் பார்க்கிறோம்.

பதில்: நான் சிரிப்பதில்லை. 1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம். மயாமி 14, வாஷிங்டன் 0. முடிய இரண்டு நிமிடம் சொச்சம் இருக்க, யெப்ரெமியன் ஃபீல்ட் கோலுக்கு உதைத்தார். அந்த உதை மட்டும் உள்ளே போயிருந்தால் 17-0 சீசன் 17-0 என்ற கணக்கிலேயே முடிந்திருக்கும். உதை தடுக்கப்பட்டது. பந்து அவரிடமே உருண்டு வந்தது. எடுத்து வீசப் பார்த்தார், கையை விட்டு வழுக்கி மேலே எழும்பியது. வாஷிங்டனின் மைக் பாஸ் பிடித்து 49 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். 14-7. அதற்குப் பிறகு அந்த இரண்டு நிமிடத்தைத் தடுப்பணி தாங்கிப் பிடித்தது.

சைப்ரஸில் பிறந்த ஆர்மீனியர் அவர், சாக்கர் பாணியில் இடது காலால் உதைப்பவர். வீசுவது அவர் தொழிலே இல்லை. 1971 கிறிஸ்துமஸ் அன்று கன்சாஸ் சிட்டியில் 82 நிமிடம் 40 விநாடி நீண்ட ஆட்டத்தை, என்.எஃப்.எல்.லின் மிக நீண்ட ஆட்டத்தை, முடித்துவைத்த உதை அவருடையது. மின்னசோட்டாவில் அந்த 51 யார்டு இல்லையென்றால் நாம் இந்தச் சீசனைப் பற்றிப் பேசவே மாட்டோம். அந்த உதையையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கேள்வி: அன்றைய ஆட்ட நாயகன் விருது சரியான ஆளுக்குப் போனதா?

பதில்: இரண்டு பந்தைப் பறித்த ஜேக் ஸ்காட்டுக்குப் போனது. என் ஓட்டு மேனி ஃபெர்னாண்டஸுக்கு. அன்று வாஷிங்டன் நடுவழியாக எங்கே ஓடினாலும் அவர் நின்றார்.

கேள்வி: ஒவ்வொரு சீசனிலும் தோல்வியே காணாத கடைசி அணி தோற்கும்போது அந்தப் பழைய மயாமி வீரர்கள் ஷாம்பெயின் திறப்பார்களாமே?

பதில்: அக்கம்பக்கத்தில் குடியிருந்த சிலர் எப்போதோ செய்ததை ஊர் ஊதிப் பெரிதாக்கியது. பெரிய விருந்தெல்லாம் இல்லை என்று ஷூலாவே மறுத்திருக்கிறார். கொண்டாடினால்தான் என்ன தப்பு? 1985இல் 12 வெற்றியோடு வந்த சிகாகோ பேர்ஸை மயாமி சொந்த மைதானத்தில் 38-24 என்று மடக்கியது. பயிற்சியாளர் அதே ஷூலா. களத்தோரம் 1972 வீரர்கள் பலர் நின்றிருந்தார்கள். சிகாகோ அந்தச் சீசனில் வேறெங்கும் தோற்கவில்லை.

கேள்வி: 2007இல் நியூ இங்கிலாந்து தோற்காமல் 18 வெற்றி வரை வந்ததே, அதுதானே பெரிய அணி?

பதில்: திறமையில் இருக்கலாம். டாம் பிரேடி 50 டச் டவுன் வீசிய ஆண்டு. ஆனால் 2008 பிப்ரவரி 3 அன்று சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் 17-14 என்று ஜெயித்துவிட்டது. கேட்டது திறமைப் பட்டியல் என்றால் நியூ இங்கிலாந்து, முழுமையான சீசன் என்றால் மயாமி.

கேள்வி: அந்த மயாமி வீரர்கள் பிற்காலத்தில் எப்படி இருந்தார்கள்?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். மோரல் 2014இல் 79 வயதில் இறந்தார். மூளையை ஆராய்ந்தபோது சி.டி.இ. நோயின் முற்றிய நிலை தெரிந்தது. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடியால் வருவது அது. இறுதிப் போட்டியில் டச் டவுன் போட்ட ஜிம் கிக், நினைவு தவறிய நிலையில் பராமரிப்பு இல்லத்தில் இருந்து 2020இல் மறைந்தார். தடுப்பணித் தலைவர் புவோனிகான்டி தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாக 2017இல் அறிவித்தார், 2019இல் இறந்தார். அவருடைய மகன் மார்க் 1985இல் கல்லூரி ஆட்டம் ஒன்றில் கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்தவர். அதன் பின் தகப்பனும் மகனும் முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்காக மயாமியில் ஒரு பெரிய அமைப்பை வளர்த்தார்கள்.

இந்த ஆட்டத்தை நான் மனசார நேசிக்கிறேன். அதனாலேயே சொல்கிறேன், அந்த 17 வெற்றிக்கு இந்த மனிதர்கள் கொடுத்த விலையைச் சேர்த்து எழுதாத எந்தப் புகழுரையும் பாதிக் கணக்குதான். தலையில் அடி வாங்கியவரை உடனே வெளியே எடுக்கும் விதிகள் இன்று இருக்கின்றன. அவற்றால் ஆட்டம் மிருதுவாகிவிட்டது என்று குறைப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

கேள்வி: இப்போது யாராவது அந்தச் சாதனையைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் லீக் சுற்று 2021 முதல் 17 ஆட்டம். பிளேஆஃபிலும் சூப்பர் பவுலிலுமாக இன்னும் 3 சேர்ந்தால் 20. யார் செய்தாலும் முதல் வாழ்த்து என்னுடையது.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. சூப்பர் பவுலைப் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம். 1972 டிசம்பர் 31, பிட்ஸ்பர்க் ஆட்டத்தைப் பாருங்கள். ஒரு தோல்விகூட இல்லாத அணி வெளியூருக்குப் போய் ஆட வேண்டியிருந்தது, மைதானத்தைச் சுற்று முறையில் ஒதுக்கிய காலம் அது. மயாமி 7-0 என்று பின்னால் நின்றபோது லாரி சைப்பிள் பந்தை உதைத்து அனுப்ப வேண்டிய இடம். எதிரணி முதுகைக் காட்டித் திரும்பி ஓடுவதைக் கண்டவர் உதைக்காமல் 37 யார்டு ஓடிவிட்டார். அடுத்து மோரல் ஜாங்காவுக்கு வீசி 7-7.

இரண்டாம் பாதியில் ஷூலா மோரலை உட்காரவைத்து, கால் தேறி வந்த கிரீசியை இறக்கினார். இத்தனை ஆட்டமாகத் தோற்காமல் அணியை இழுத்து வந்தவரிடம், போதும் என்று சொல்வது எவ்வளவு கடினம்! கேட்டுக்கொள்வது அதைவிடக் கடினம். மோரலுக்கு வருத்தம் இருந்தது, முரண்டு பிடிக்கவில்லை. வந்ததும் கிரீசி பால் வார்ஃபீல்டுக்கு வீசி 52 யார்டு எடுத்தார். கிக் இரண்டு டச் டவுன் போட்டார். 21-17. சூப்பர் பவுலைக் கிரீசிதான் தொடங்கினார், மோரல் ஓரத்தில் நின்றார். சாம்பியன் மோதிரம் இருவருக்கும் கிடைத்தது.