பெருமுக்கல் வட்டாரத்தில் தள்ளுபடி லேப்டாப் தெரிவு: ஓர் ஆய்வு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலைப் பக்கம் பெருமுக்கல் என்று ஒரு ஊர். ஊரை ஒட்டி ஒரு மலை. இந்த மலையைக் கோட்டை என்று எழுதியவர்கள் உண்டு, கோயில் என்று எழுதியவர்கள் உண்டு, குகை என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் தள்ளுபடியில் லேப்டாப் வாங்கப் போகிறவனைத் தூங்கவிடாத ‘டிசைன் வேலைக்கா, கேமுக்கா?’ என்ற வினாவுக்கு இதே மலையில் மூலச்சான்று கிடக்கிறது என்பதை அறிஞர் எவரும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் குகைச் சான்று. சீதையின் பெயரோடு சேர்த்து ஊரார் சொல்லும் குகையில், வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர்கள் பாறையில் கீறிவைத்த உருவங்கள் இருக்கின்றன. ஐயமின்றி இது டிசைன் வேலை. நிறம் கிடையாது, லேயர் கிடையாது, ஒரு கோடு தப்பினால் அழித்துப் போட வழி கிடையாது. இதே விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலைப் பாறையில் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. எனவே நிற வீச்சில் கீழ்வாலைக்காரன் ஒரு படி மேலே. இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; நிற வீச்சுதான் இக்கட்டுரையின் உயிர்நிலை.

அடுத்து கோட்டைச் சான்று. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களை முறியடித்த அயர் கூட், புதுச்சேரியை நெருக்கும் வேலையாக வந்தபோது அதே ஆண்டில் இந்த மலைக்கோட்டையையும் தாக்கிப் பிடித்தார். ஆங்கில ஆவணங்களில் ஊரின் பெயர் ‘பெர்மாகாயில்’. மலைமேல் ஒரு அணி, அடிவாரத்தில் ஒரு அணி, பாறைக்குப் பின்னால் பதுங்கிச் சுடுவது, எப்படியாவது உயரத்தைப் பிடிப்பது. இன்று மலையடிவாரத்துப் பையன்கள் இரவு பதினொரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கத்துவதும் இதையேதான். 1780களில் ஹைதர் அலி படை வந்தபோது இரண்டாம் ஆட்டமும் இதே மைதானத்தில் நடந்தது. அன்று செத்தவன் மறுபடி லாபிக்குத் திரும்பவில்லை என்ற ஒரு வேறுபாடு மட்டும் உண்டு.

ஆக, ஒரே மலையில் டிசைனும் நடந்திருக்கிறது, கேமும் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் பயன்பட்ட வன்பொருள் கல் ஒன்றே. ‘கிரியேட்டர் மாடல் தனி, கேமிங் மாடல் தனி’ என்ற பாகுபாடு பிற்காலத்து விற்பனையாளர்களின் இடைச்செருகல் என்பது எமது துணிபு.

இனி, வாங்குவோர் யார்? இவ்வட்டாரத்தில் இரு மரபினர். கல்யாண ஆல்பம், மஞ்சள் நீராட்டு வீடியோ, கண்ணீர் அஞ்சலி பேனர் ஆகியவற்றால் பிழைக்கும் ஸ்டூடியோ மரபு ஒன்று. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் பஸ் ஏறிப் போகும் கல்லூரி மரபு மற்றொன்று. இரண்டாம் மரபின் நோக்கம் கேம் என்பது உலகறிந்தது. ஆயினும் வீட்டில் அது அந்தப் பெயரில் தாக்கல் செய்யப்படுவதில்லை.

“எதுக்குடா அறுபதாயிரம்?”

“படிப்புக்குப்பா.”

“பக்கத்து வீட்டுப் பையன் கவர்மென்ட் லேப்டாப்புலயே படிச்சு பாஸாயிட்டான்டா.”

“அது அந்தக் காலம்ப்பா.”

தந்தை சொன்ன சான்று வலுவானது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் இந்த ஊர்களில் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. அந்த எளிய பெட்டியில் பகலில் புராஜெக்ட் டைப் ஆனது, இரவில் ‘வைஸ் சிட்டி’ ஓடியது, இடையில் கோரல் டிராவில் பேனர் போடக் கற்றுக்கொண்டு பின்னாளில் கடை வைத்தவர்களும் உண்டு. மூன்று வேலையையும் ஒரே பெட்டி செய்தது. எமது துணிபுக்கு அரசாங்க முத்திரையோடு கிடைத்த சான்றாக இதைக் கொள்க. ஆனால் அதே பெட்டியை இன்றும் எடுத்து வைத்துக்கொள் என்று தந்தை சொன்னால் அதை ஏற்பதற்கில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திக்கொண்டது. அந்தக் காலத்துச் சிப்புகளை விண்டோஸ் 11 வாசற்படியிலேயே நிறுத்திவிடுகிறது. சென்னை ரிச்சி தெருவில் பதினைந்தாயிரத்துக்கு ‘கம்பெனி யூஸ்டு’ என்று பளபளவெனத் துடைத்து வைத்திருப்பதை எடுப்போரும், அது இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தையதா பிந்தையதா என்று கேட்ட பிறகே பர்ஸைத் திறக்க வேண்டும்.

இனிக் கல்வெட்டியல். பெருமுக்கல் மலைக்கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. கல்வெட்டு வாசித்துப் பழகியவர்களுக்கு ஒரு சூட்சுமம் தெரியும். தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி வரும்: மன்னன் எந்தெந்த நாட்டை வென்றான், யார் யார் முடியைப் பறித்தான் என்று வரிவரியாக. அதையெல்லாம் தாண்டிப் போனால்தான் விஷயம் இருக்கும்: எவ்வளவு நிலம், விளக்குக்கு எத்தனை ஆடு, யார் பொறுப்பு. லேப்டாப்பில் கை வைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் வண்ண ஸ்டிக்கர்கள் மெய்க்கீர்த்தி. ஆர்டிஎக்ஸ், ஏஐ, 144 ஹெர்ட்ஸ் என்று திக்விஜயம் அங்கே முழங்கும். தானப் பகுதி பெட்டியின் அடியிலோ, கம்பெனி இணையதளத்தில் யாரும் திறக்காத பிடிஎஃப் கோப்பிலோ பொடி எழுத்தில் கிடக்கும்.

அந்தப் பொடி எழுத்தில் மூன்று வரிகள் உயிரானவை. ஒன்று கிராபிக்ஸ் சிப்புக்குத் தரப்படும் வாட். ‘ஆர்டிஎக்ஸ் 4060’ என்று ஒரே பெயரில் வரும் லேப்டாப் சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம் என்று என்விடியாவே அனுமதிக்கிறது. ஸ்டிக்கர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரே பட்டப்பெயரை வைத்துக்கொண்டு தஞ்சையிலிருந்து ஆண்டவரும் உண்டு, நாலு கிராமத்துக்கு வரி வாங்கியவரும் உண்டு. கேமுக்கு வாங்குகிறவன் பெயரைப் பார்க்காமல் வாட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்த வரி ராம். இது ஸ்டூடியோ மரபுக்கு. கல்யாண ஆல்பத்தில் விரித்த ஒரு தாள் 12-க்கு 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 3,600-க்கு 10,800. பெருக்கினால் 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம் புள்ளி. புள்ளிக்கு மூன்று பைட் வீதம் ஒரு முழு லேயருக்கு மட்டும் சுமார் 11 கோடியே 66 லட்சம் பைட், அதாவது நூறு எம்பிக்கு மேல். மாப்பிள்ளை ஒரு லேயர், பெண் ஒரு லேயர், மேலிருந்து பொழியும் ரோஜா இதழ் ஒரு லேயர், பின்னணியில் சம்பந்தமே இல்லாத சுவிட்சர்லாந்து ஒரு லேயர் என்று போனால் இரண்டு ஜிபி கண்மூடித் திறப்பதற்குள் தீரும். விண்டோஸ் தன் பங்குக்குச் சில ஜிபியை முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருக்கும். 8 ஜிபி ராமைப் பலகையிலேயே பற்றவைத்து, கூடுதலாகச் செருக இடமும் இல்லாமல் விற்கும் மாடலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் ஸ்டூடியோக்காரர் தொடலாகாது. இதற்கு விதிவிலக்கு இல்லை.

மூன்றாவது வரி திரை. ஆய்வின் மையம் இதுவே. வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டுகிறோம்.

மலிவு மாடல்களின் பொடி எழுத்தில் ‘45% என்டிஎஸ்சி’ என்று ஒரு சொற்றொடர் வரும். என்டிஎஸ்சி என்பது 1953-இல் அமெரிக்கக் கலர் தொலைக்காட்சிக்கென வகுத்த நிற அளவு. அறுபதாயிரம் கொடுத்து வாங்கும் பெட்டியை அந்தக் காலத்து அமெரிக்க டிவியோடு ஏன் ஒப்பிட வேண்டும் என்று கேட்டால் எந்தக் கடையிலும் பதில் வராது. இன்று போட்டோவுக்கும் இணையத்துக்கும் பொது அளவுகோல், எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி. பழைய அமெரிக்க அளவில் 72 சதவீதம் இருந்தால் ஏறத்தாழ ஒரு முழு எஸ்ஆர்ஜிபி ஆகும். அப்படியானால் 45 என்பது எட்டில் ஐந்து பங்கு. மீதி மூன்று பங்கு நிறம் அந்தத் திரையில் பிறக்கவே இல்லை.

எந்த நிறம் பிறக்கவில்லை என்பதைத் திண்டிவனம் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் கண்ணால் கண்டோம். தள்ளுபடியில் வந்த கேமிங் லேப்டாப். விசைப்பலகையில் ஏழு வண்ண விளக்கு ஓடுகிறது, திரையில் மட்டும் சிவப்பு இல்லை. அரக்குக் கூரைப்புடவை காய்ந்த செங்கல் நிறத்தில் தெரிகிறது. டிசைன் செய்யும் தம்பி பொறுப்பானவன். ‘டல்லா இருக்கே’ என்று சேச்சுரேஷனைக் கூட்டினான். இன்னும் டல். இன்னும் கூட்டினான். திரையில் ஒருவழியாகப் புடவை புடவையாகத் தெரிந்தபோது கோப்பு லேபுக்குப் போனது. ஆல்பம் அச்சாகி வந்ததைப் பிரித்தால், ஜரிகையும் தெரியவில்லை, மடிப்பும் தெரியவில்லை. பெண்ணின் கழுத்துக்குக் கீழே ஒரே சிவப்புத் தகடு. மாப்பிள்ளை முகம் கேசரி நிறத்துக்குப் போயிருந்தது. பெண்ணின் அத்தை ஆல்பத்தை மூடாமலே கேட்டார்: “ஏம்பா, பொண்ணு கட்டியிருந்தது இந்தப் புடவையா?” தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். அதில் சரியாகத்தான் தெரிந்தது. அதுதான் கொடுமை.

இங்கிருந்து எமது முதன்மைக் கோட்பாடு பிறக்கிறது. விலையில் இருபதாயிரம் குறைகிறது என்றால் பெட்டிக்குள் எங்கோ ஓரிடத்தில் குறைத்திருப்பார்கள். சிப்பில் குறைத்தால் ஸ்டிக்கர் காட்டிக்கொடுக்கும். எஸ்எஸ்டியில் குறைத்தால் பையன் எண்ணைப் படித்துவிடுவான். நிற வீச்சுக்கு மட்டும் முன்பக்கத்தில் ஸ்டிக்கர் இல்லை. ஆகவே கத்தி பெரும்பாலும் திரையில் விழுகிறது. 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக எழுதியிருப்பது இந்தக் காயத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி. அந்த 144-ம் கல்யாண வீடியோ வெட்டுகிறவருக்கு வெறும் எண்தான். நம் நாட்டு ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறைப்படி எடுத்த வீடியோவில் நொடிக்கு 25 படம், திரை எத்தனை முறை துடித்தாலும் 26-ஆவது படம் எங்கிருந்து வரும்?

இவ்விடத்தில் மண்டகப்பட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இதே மாவட்டத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் அது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று, தான் சேர்க்காத பொருள்களை அங்கே கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார். தன் படைப்பில் என்னென்ன இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன உற்பத்தியாளர் வட்டாரத்தில் அவர் ஒருவரே. அந்த மரபு அவரோடு நின்றுபோயிற்று.

தட்பவெப்பத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 10 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்துங்கள் என்று ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்குச் சொல்கிறது. கத்திரி வெயிலில் பெருமுக்கல் பாறைக்கு அதைப் படித்துக் காட்டலாம். போதாததற்குச் சுற்றிலும் கல்குவாரி. கேமிங் லேப்டாப்பின் விசிறிகள் காற்றை அதிகம் இழுக்கும். காற்றோடு கல்தூளும் வரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ப்ளோயர் பிடிக்காவிட்டால் சிப் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் 115 வாட் இருந்து என்ன பயன்? கரண்ட் போனாலும் அதே கதைதான். பேட்டரியில் ஓடும்போது இந்த வகைப் பெட்டிகள் முழுப் பலத்தைக் காட்டுவதில்லை.

பொருளாதாரத்தில் ஒரே ஒரு குறிப்பு. தீபாவளி ஆஃபரில் பாதித் தள்ளுபடி ஒரு குறிப்பிட்ட வங்கியின் கார்டுக்கு மட்டும். அந்தக் கார்டு எப்போதும் சென்னையில் வேலை பார்க்கும் மாமாவிடம் இருக்கும். மாமாவுக்குப் போன் போட்டு ஓடிபி வாங்கும் பொறுப்பு அம்மாவுடையது. ‘வட்டியில்லா இஎம்ஐ’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். கார்டு கடனில் பூஜ்ய வட்டி என்று ஒன்றே இல்லை என ரிசர்வ் வங்கி 2013-லேயே கண்டித்திருக்கிறது. வட்டி எங்காவது விலைக்குள் ஒளிந்திருக்கும்.

கல்லூரி மரபுக்கு ஒரு செய்தி. அதைச் சொல்வதில் எமக்கு மகிழ்ச்சி இல்லை. தம்பி, நீ இரவெல்லாம் ஆடும் பிஜிஎம்ஐ கைபேசிக்கென்றே வந்த விளையாட்டு. அதற்காக 4060 கேட்டு வீட்டில் சாப்பிடாமல் படுப்பது வீண். ‘வேலரன்ட்’ ஆடுவதானால் அதற்கும் இத்தனை பெரிய சிப் வேண்டியதில்லை. ‘ஜிடிஏ’ வகையில் புதிது புதிதாக வருவதை முழு அழகோடு ஆட வேண்டும் என்றால் மட்டும் வாட்டைப் பேசு.

தீர்ப்பு இதுதான். மேசையை விட்டு நகராத ஸ்டூடியோவுக்கு, நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி திரையும் ராம் செருக இடமும் உள்ள கேமிங் லேப்டாப்பே சரி. ‘கிரியேட்டர்’ என்று பெயர் வைத்த மெலிந்த மாடலைவிட அதே விலைக்கு வலுவான சிப்பும் கிடைக்கும். மண்டபம் மண்டபமாகத் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்கு மெலிந்ததே உத்தமம். 45% என்டிஎஸ்சி என்று எழுதியிருப்பது டிசைன் வேலைக்கு எந்த விலையிலும் ஆகாது. கடைக்குப் போகும்போது அரக்குப் பட்டுப்புடவைப் படம் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள், புடவையையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனாலும் தவறில்லை. திரையில் படத்தைத் திறந்து, புடவையைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். “அதெல்லாம் எதுக்கு சார், இதுல ஆர்டிஎக்ஸ் இருக்கு” என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்கு நடங்கள்.