தடிமரத்தில் குறுவளைவு: ரம்பத் தேர்வு பற்றிய ஒரு மறுப்புரை

நூல் செய்யப் புகுவோர்க்கு எழுவகை மதம் உண்டென நன்னூலார் வகுத்தார். பிறர் கருத்துக்கு உடன்படுவது அவற்றுள் ஒன்று, மறுப்பது இன்னொன்று, பிறர் நூலில் குற்றம் காட்டுவது மற்றொன்று. 3 அங்குலத் தேக்குக் கட்டையில் ஒரு அங்குல ஆரத்தில் வளைவு அறுக்க எந்த ரம்பம் ஏற்றது என்னும் வினாவில் தச்சுப் பட்டறைகள் பிந்திய இரண்டையும் வாய்மொழியாகவே வளர்த்து வந்துள்ளன. அவற்றை எழுத்தில் ஏற்றுவதே இவ்வுரையின் நோக்கம். உடன்படுதலுக்கு இங்கே இடம் குறைவு.

முதலில் வரையறை. தடிமரமாவது, வாங்கும்போது மெலிந்தும் அறுக்கும்போது தடித்தும் தோன்றுவது. ஆய்வின் வசதிக்காக 2 அங்குலமும் அதற்கு மேலும் எனக் கொள்க. குறுவளைவாவது, பென்சிலால் எளிதாக வரைந்துவிடக் கூடியது.

சிக்கல் எங்கே எனின், தகட்டின் முதுகில் என்க. ரம்பப் பற்கள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சற்றே வெளியே வளைக்கப்பட்டிருப்பதால், அறுபட்ட பாதை தகட்டின் கனத்தைவிடக் கொஞ்சம் அகலமாக அமைகிறது. அந்த மிச்ச இடத்துக்குள்தான் தகடு திரும்பியாக வேண்டும். தகடு அகலமாக இருந்தால் பல் திரும்பிவிடும். முதுகு பாதைச் சுவரில் இடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஒடுங்கிய தகடு வேண்டும். ஆனால் ஒடுங்கிய தகடு தடித்த மரத்துக்குள் போனதும் தன் விருப்பப்படி வளையும். வளைவு அகலத்தைக் குறைக்கச் சொல்கிறது, தடிமன் கூட்டச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்வதே ரம்பத் தேர்வு.

ஜிக்சாவே போதும் என்பார் உளர். பெரும்பாலும் ஜிக்சா மட்டும் வைத்திருப்பவர்கள். 1946-இல் ஆல்பர்ட் காஃப்மன் என்னும் சுவிஸ் பொறியாளர் தையல் இயந்திரத்தின் ஊசியைக் கழற்றிவிட்டு அங்கே ரம்பத் தகட்டை மாட்டிப் பார்த்ததில் இக்கருவி பிறந்தது என்பர். பிறவிக் குணம் அதை விடவில்லை. மேல் நுனி மட்டும் பிடியில் இருக்க, கீழ் நுனி அந்தரத்தில் ஆடுகிறது. பலகையில் இது தெரியாது. 3 அங்குலக் கட்டையில் மேலே கோட்டின்மீது பிசகாமல் போய், அடியில் வேறொரு வளைவை அறுத்து வைத்திருக்கும். ஒரு கட்டையில் இரண்டு வடிவங்கள் வேண்டுவோர் இம்மதத்தைத் தழுவலாம்.

கோப்பிங் ரம்பத்தார் இவர்களைவிட மதிக்கத் தக்கவர்கள். சட்டத்தில் இரு நுனியும் இழுத்துக் கட்டப்பட்ட மெல்லிய தகடு எந்த மூலையிலும் திரும்பும். தகட்டின் நீளமோ ஆறரை அங்குலம். அதில் 3 அங்குலத்தை மரமே விழுங்கிவிட்டால், கைக்கு மிஞ்சும் வீச்சு மூன்றரை அங்குலம்தான். ஓய்வூதியம் பெறுவோர்க்குப் பரிந்துரைக்கலாம். ஸ்க்ரோல் சாவின் எல்லை பொதுவாக 2 அங்குலம். எனவே நமது கட்டைக்கு அது வாதத்திலேயே நுழையாது.

இனி நம் மதம்: பேண்ட்சா. லண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி 1808-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் வளையமாக ஒட்டிய இடத்தில் தகடு அறுந்துகொண்டே இருந்தது. 1846-இல் ஆன் போலின் கிரெப்பேன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி பற்றவைக்கும் முறையைக் கண்டார். அதன்பிறகே கருவி பிழைத்தது. தகடு மேலும் கீழும் பிடிக்கப்பட்டு ஒரே திசையில் இறங்குவதால், அடிப்பக்கம் மேல்பக்கத்துக்கு மாறு செய்வதில்லை. அளவுகளும் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன: அரை அங்குலத் தகடு இரண்டரை அங்குல ஆரம் வரை திரும்பும், ⅜ அங்குலத் தகடு ஏறத்தாழ ஒன்றரை, கால் அங்குலத் தகடு ⅝. ஒரு அங்குல ஆரத்துக்குக் கால் அங்குலத் தகடே விடை. அங்குலத்துக்கு நான்கு முதல் ஆறு பல் போதும். பல் நெருங்கினால் தூள் வெளியேற வழியின்றி அடைத்துக்கொள்ளும்.

'அரைக்கால் அங்குலத் தகடு இன்னும் நன்றாகத் திரும்புமே' எனின், திரும்பும். தடிமரத்தின் நடுவில் வயிறு தள்ளவும் செய்யும் என மறுக்க.

நடைமுறையில் எழும் தடை வேறு. எந்தப் பட்டறைக்குப் போனாலும் அரை அங்குலத் தகடுதான் மாட்டியிருக்கும். மாற்றச் சொன்னால், "அண்ணே, இதுலயே வளைச்சிரலாம்ணே" என்பார்கள். அது முழுப் பொய்யன்று. கழிவுப் பக்கத்தில் விளிம்பிலிருந்து கோடுவரை நேர்வெட்டுகள் பல போட்டுவிட்டால், கழிவு துண்டு துண்டாக உதிர்ந்து தகட்டுக்கு இடம் விடும். உட்குழிவாக இருந்தால் அந்த ஆரத்துக்கே முதலில் ஒரு துளை போட்டுவிடலாம். திரும்ப வேண்டிய இடத்தில் ரம்பத்துக்கு வேலையே இராது. இவ்வளவு அறிந்த ஆசாரியிடம் தகடு மாற்றச் சொல்லி வாதாடுவது வீண்.

முடிபு: கால் அங்குலத் தகடு பூட்டிய பேண்ட்சா தலை. கயிறு முறுக்கி இறுக்கும் மரச்சட்ட ரம்பம் இடை. கோப்பிங் ரம்பம் கடை. எதுவாயினும் கோட்டுக்கு வெளியே அறுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்துக்கொள்க. ஜிக்சா தரத்துள் அடங்காது. இதை மறுக்க வருவோர், தாம் அறுத்த கட்டையின் அடிப்பக்கத்தை முதலில் திருப்பிக் காட்டிவிட்டுப் பேசத் தொடங்குக.