மலையில்லாத ஊரின் மலையேறிகள்

புதுச்சேரியில் மலை கிடையாது. இருப்பதில் உயரம் கோரிமேடுதான். ஜிப்மருக்குப் போகிற டவுன் பஸ் அதை முனகாமலே ஏறிவிடும். இப்படிப்பட்ட ஊரில் இன்று தெருவுக்கொரு டிரெக்கிங் குழு. எங்கள் குடும்பக் குழுவை ஆரம்பித்தவன் என் மச்சினன் மகன். என்னைக் கேட்காமலே வாட்ஸ்அப்பில் சேர்த்துவிட்டு, "மாமா, நீங்கதான் சீனியர் அட்வைசர்" என்றான்.

எழுபதுகளில் நடப்பதற்கு ஆலோசகர் யாரும் இருந்ததில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை என்றால் நடை. காசிருந்து பஸ் வராவிட்டாலும் நடை. மயிலம் முருகனுக்கு வேண்டுதல் என்றால் முத்தியால்பேட்டையிலிருந்து சேதராப்பட்டு வழியாக முப்பது கிலோமீட்டர், வெறுங்காலோடு. போகிற வழியில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும், அது முடிந்து மறுபடி புதுச்சேரி வரும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன எல்லை அப்படி. எங்கள் கால்களுக்கு இரண்டு அரசின் முள்ளும் ஒன்றாகத்தான் தெரிந்தது. பயணத் திட்டம் முழுக்கப் பாட்டியின் பொறுப்பு. புளிசோற்றை வாழையிலையில் கட்டிக் கொடுத்து, "வெயில் ஏறறதுக்குள்ள போய்ச் சேருங்கடா" என்பாள். திட்டம் முடிந்தது.

இன்றைய திட்டத்தில் ஷூ வாங்க ஒரு ஞாயிறு, முதுகுப்பை வாங்க இன்னொரு ஞாயிறு. ஊன்றிக்கொள்ளும் கோல் ஆன்லைனில் வருகிறது. அதே மாதிரிக் கம்பு எதிர்வீட்டு சொல்தா தாத்தாவிடம் இருந்தது, நாயை விரட்ட. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா வரை போய்வந்து, பிராங்கில் பென்ஷன் வாங்கியவர். பட்டாளத்தில் மலையெல்லாம் ஏறியிருக்கிறீர்களாமே என்று கேட்டால், "சம்பளம் குடுத்தான், ஏறினேன். சும்மா எவண்டா ஏறுவான்?" என்பார். நாங்கள் சும்மா ஏறுவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டித்தான் ஏறுகிறோம். தாத்தா இருந்திருந்தால் கம்பை எங்கள் பக்கம் திருப்பியிருப்பார்.

குழுவின் முதல் பயிற்சி நடை, ஆரோவில் பக்கத்துச் செம்மண் பள்ளங்களில். எங்கள் காலத்தில் அது ஆடு தேடிப் போகிற பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து ஓடும். பள்ளம் வருஷத்துக்கு வருஷம் அகலும். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில்லைத் தொடங்கியபோது 124 நாடுகளிலிருந்து பிடி மண் கொண்டுவந்து தாழியில் போட்டார்கள். உள்ளூர் மண்ணோ ஒவ்வொரு மழைக்கும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வந்து குடியேறியவர்கள் கரை கட்டி, மரம் நட்டு, அரைநூற்றாண்டு மல்லுக்கட்டி அதில் பெரும்பகுதியை மீட்டார்கள். மீட்காமல் மிச்சமிருக்கிற பள்ளத்துக்குத்தான் இப்போது 'கேன்யன்' என்று பெயர். கல்யாண ஜோடிகள் புகைப்படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள். காடாகிவிட்ட பக்கம் கூட்டமில்லை.

குதிரையும் திட்டத்தில் உண்டு. நான் அறிந்த குதிரைகள் இரண்டு வகை. ஒன்று ஊரெல்லையில் ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரை. நன்றாகத் தின்று கொழுத்தது போலிருக்கும். இன்னொன்று ரயிலடியில் நிற்கும் ஜட்காக் குதிரை. உயிர் இருந்தது அதற்குத்தான், ஆனால் எலும்பை எண்ணலாம். வண்டிக்காரர் "பின்பாரம், முன்னால நகரு" என்று அதட்டுவார்; அதுதான் எங்களுக்குக் கிடைத்த குதிரையேற்றப் பாடம். மச்சினன் பேத்தி இப்போது முறையாகக் கற்கிறாள். தலைக்கவசம், முழங்கால் வரை பூட்ஸ், விழுந்தால் நாங்களே பொறுப்பு என்று பெற்றோர் கையெழுத்து. பாடத்தில் பாதி, குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் லாயத்தைக் கூட்டுவதும். ஜட்காக்காரர் மகன் தினமும் செய்த வேலை. அதைச் செய்ததால் அவனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. இவளைக் காசு கட்டி அனுப்புகிறார்கள்.

பெரிய இலக்கு செஞ்சி. குதிரையையும் மலையையும் ஒரே ஊரில் முடித்துவிடலாம் என்பது மச்சினன் மகன் கணக்கு: தேசிங்கு ராஜா குதிரையேறிப் போனதைக் கதைப்பாட்டாகவே பாடிய சீமை, எண்ணூறு அடி ராஜகிரி, எழுபது கிலோமீட்டர் தூரம். 1750இல் புஸ்ஸி என்கிற பிரெஞ்சுத் தளபதி புதுச்சேரிப் படையோடு போய், அந்த மூன்று மலைக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். அவர் பெயரில் இங்கே வீதியே இருக்கிறது. அந்த வீதியில் உட்கார்ந்துதான் எங்கள் குழு பல மாதமாகத் தேதி பிடிக்கப் பார்க்கிறது.

கேலி செய்யக்கூடாத பக்கமும் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாற்பது மலைப்பாதைகளை இணையப் பதிவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் திறந்தது. தீப்பிடிக்கும் பருவத்தில் மூடிவிடுகிறார்கள். அடையாள அட்டை, மருத்துவ விவரம், அவசர எண் என்று கேட்கும்போது எனக்குச் சலிப்பு வருவதில்லை. மயிலத்துக்கு நடந்த நாங்கள் திரும்பி வந்தோமா என்று எண்ணிப் பார்க்க அன்று எந்த இலாகாவும் இல்லை. அதைத்தான் இந்தக் காலத்தில் சுதந்திரம் என்று பெருமையடித்துக்கொள்கிறோம்.

கடைசியாக மாசி மாதம் ஒரு விடுமுறை நாள் எல்லோருக்கும் ஒத்துவந்தது. பார்த்தால், மாசி மகம். செஞ்சி ரங்கநாதரும் மயிலம் முருகனும் வைத்திக்குப்பம் கடலில் தீர்த்தவாரிக்கு வரும் நாள். முன்பு தோளில் வந்த சாமிகள் பல இப்போது வண்டியில் வருகின்றன, சாலை அடைத்துக்கொள்ளும். "அன்னிக்கு வேணாம் மாமா, கார் நகராது" என்றான் மச்சினன் மகன். செஞ்சியிலிருந்து சாமி இங்கே வந்துவிட்டுப் போகும். நடக்கப் போகிற நாங்கள்தான் காருக்கு வழி கிடைக்கும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.