மினிமம் கட்டுற மைனருக்கு

வா மோனை, வா. உந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரு. கிரடிட் கார்ட் எடுத்திட்டியாம். வட்டக்கச்சிச் சந்தையிலை மரவள்ளிக்கிழங்கு விக்கிற மனுசிக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் பிந்தித் தெரியுது. பறவாயில்லை. பெரிய இடத்துச் சங்கதியள் எங்களிட்டை ஆறுதலாத்தானே வந்து சேரும்.

எங்கை, எடு பாப்பம். ஓ, மினுங்குது. பேரும் பிழையில்லாமல் அடிச்சிருக்கிறாங்கள். கொப்பருக்கு நிவாரண அட்டை தந்த காலத்திலை அவரின்ரை பேரை ஆரோ மாத்தி எழுதி, அதைத் திருத்தப் போய் அந்த மாசத்து அரிசியும் இல்லாமல் போனது. குடுக்கிறவனுக்கு உன்ரை பேர் பிழைச்சால் குற்றமில்லை. திருப்பி வாங்க நினைக்கிறவன் அதைச் சரியாத்தான் எழுதுவான், கண்டியோ.

எல்லை எவ்வளவு போட்டிருக்கிறாங்கள்? இரண்டு இலட்சமோ! அதுதான் நடையிலை ஒரு அசைவு தெரிஞ்சது. மாரி முடிய இரணைமடுக் குளத்துக் கட்டிலை ஏறி நிண்டு பார், தண்ணி கண்ணுக்கெட்டின தூரத்துக்கு நிக்கும். அதைப் பாத்திட்டு இஞ்சை ஆரும் முழு வயலையும் சிறுபோகத்துக்கு உழுறேல்லை. கூட்டம் வைச்சு, இந்த முறை உனக்கு இவ்வளவு ஏக்கருக்குத்தான் தண்ணி எண்டு பிரிச்சுத் தந்த பிறகுதான் மண்வெட்டியைத் தூக்கிறது. உன்ரை இரண்டு இலட்சமும் குளத்திலை நிக்கிற தண்ணி. உன்ரை வாய்க்காலுக்கு வாறது மாசச் சம்பளம் மட்டும்தான்.

சரி, பாங்கிலையிருந்து வந்த கடுதாசியையும் தா. ஏன் மடியுக்கை ஒளிக்கிறாய்? என்ரை கண்ணாடியை எடு. ம்... கட்ட வேண்டிய முழுத்தொகை ஒரு இலட்சம். அதுக்குப் பக்கத்திலை, கட்டக்கூடிய ஆகக்குறைஞ்ச தொகை 5,000. நீ எதைக் கட்டினனீ? அஞ்சோ! கெட்டிக்காரன். ஒரு இலட்சம் கேட்டவனை அஞ்சோடை அனுப்பிப் போட்டன் எண்டு சிரிச்சிருப்பாய். அவனும் சிரிச்சிருப்பான் மோனை, உன்னிலும் பாக்கக் கொஞ்சம் கூட.

அந்தக் கலண்டர்த் தாளைத் திருப்பித் தா, கணக்கு ஒண்டு போடுவம். வட்டி வருசத்துக்கு நூற்றுக்கு 28 எண்டு வை. 2023 ஓகஸ்டிலை மத்திய வங்கி, கடனட்டைக்கு இதுக்கு மேலை வாங்கக் கூடாது எண்டு கட்டின எல்லை அது. ஒரு இலட்சத்துக்கு ஒரு மாச வட்டி 2,333 ரூபா. நீ கட்டின 5,000 ரூபாவிலை வட்டிக்குப் போனது போக, கடனிலை கழிஞ்சது 2,667தான். அடுத்த மாசம் கடன் ஒரு சொட்டுக் குறையும். மினிமமும் அதோடை ஒரு சொட்டுக் குறையும். கேக்கிற காசு குறையக் குறைய உனக்கும் புளுகமா இருக்கும். கார்ட்டிலை வேறை ஒரு சாமானும் வாங்காமல், மினிமத்தை மட்டும் இரண்டு வருசம் ஒழுங்காக் கட்டு. நீ கட்டி முடிச்ச காசு 90 ஆயிரத்துக்குக் கிட்ட. நிக்கிற கடன் இன்னும் 50 ஆயிரத்துக்கு மேலை.

இனி இதைக் கேள். அவன் குறைச்சுக் கேட்டாலும் நீ குறைக்காமல் அதே 5,000 ரூபாவை மாசா மாசம் கட்டினியெண்டால், 28ஆம் மாசத்தோடை சதமில்லாமல் முடியும். பத்தாயிரமாக் கட்டினால் ஒரு வருசத்துக்குள்ளை அலுவல் சரி, வட்டியும் 15 ஆயிரமளவிலை நிண்டிடும். காசும் உன்ரை, கார்ட்டும் உன்ரை, வட்டி வீதமும் அதேதான். அவன் கேட்டதைக் கட்டினியோ, நீ நினைச்சதைக் கட்டினியோ எண்டதிலைதான் வித்தியாசம். ஆனால் நீ அப்பிடிக் கட்டாதை. பாங்கிலை வேலை செய்யிறவையும் பிள்ளை குட்டிக்காரர்தானே.

இன்னும் அவையள் நல்லா வாழோணுமெண்டால் வேறை வழியளும் இருக்கு. சனிக்கிழமை கரடிப்போக்கிலை காசு முடிஞ்சால் கார்ட்டை ஏ.ரி.எம். மெசினுக்குள்ளை விடு. காசு வெளியாலை வரமுந்தியே கட்டணம் எழுதுப்பட்டிடும், வட்டியும் அண்டைக்கே ஓடத் துவங்கும், ஒரு நாள் தவணையும் இல்லை. இல்லாட்டில் தெரிஞ்ச கடையிலை சாமான் வாங்கின மாதிரிக் கார்ட்டை இழுத்துப்போட்டு, கடைக்காரன் நூற்றுக்கு இவ்வளவு எண்டு கழிச்சுத் தாற காசை எண்ணிக்கொண்டு வா. கடைசித் திகதியை மறந்து பிந்தியும் கட்டு. அதுக்குத் தண்டம் தனி, கிறிப்பிலை பதிவும் தனி. கிறிப் எண்டால் தெரியுமோ? கடன் தகவல் பணியகம், 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலை வந்தது. உன்ரை கடன் சாதகம் முழுக்க அங்கை கிடக்கு. நாளைக்கு நீ உழவு மெசினுக்கு லீசிங் கேட்டுப் போக, கொம்பனிக்காரன் முதல் பாக்கிறது அதைத்தான். உன்ரை அறிக்கையை நீயே கேட்டு எடுத்தும் பாக்கலாம். கலியாணம் பேசப் போறவை அதையும் ஒருக்காக் கேட்டால் நல்லம், ஆனால் இஞ்சை இன்னும் செவ்வாய்க் குற்றத்தைத்தான் பாக்கினம்.

உனக்கொரு இரகசியமும் சொல்லுறன். கார்ட்டிலை வட்டியே கட்டாமல் இருக்கிற ஆக்களும் இருக்கினம். பாங்குக்கு அவையளைக் கண்டால் அவ்வளவு சந்தோசமில்லை. கணக்கு முடிக்கிற திகதிக்கு அடுத்த நாள் சாமானை வாங்குவினம். காசு கட்ட 50 நாளளவிலை தவணை கிடைக்கும். கடைசித் திகதிக்கு முந்தி முழுக்கக் கட்டிப்போட்டு, நெல்லு மூட்டையிலை சாய்ஞ்சு படுத்திடுவினம். ஆனால் முழுக்கக் கட்டோணும். கொஞ்சம் மிச்சம் விட்டியோ, அந்தத் தவணைச் சலுகை போச்சு. சாமான் வாங்கின நாளிலையிருந்து வட்டியை எண்ணுவான். பிறகு நீ வாங்கிற சீனிக்கும் தேயிலைக்கும் வாங்கின அண்டே வட்டி. சம்பளக் கணக்கிலையிருந்து தானாக் கழிக்கச் சொல்லிப் பாங்கிலை ஒரு படிவம் தருவாங்கள். அதிலை முழுத்தொகைக்கு ஒரு கட்டம், மினிமத்துக்கு ஒரு கட்டம். உனக்குப் படிவம் நிரப்பித் தந்த பிள்ளை எந்தக் கட்டத்திலை சரி போட்டவ எண்டு பாத்தனியோ? அவ சிரிச்சதைப் பாத்திருப்பாய்.

வட்டி நிலையா நிக்கும் எண்டும் நினையாதை. 2020 ஓகஸ்டிலை மத்திய வங்கி கார்ட் வட்டியை 18க்கு இறக்கினது. நாடே நல்லா வந்திட்டுது எண்டு சனம் இழுத்துத் தள்ளிச்சுது. அடுத்த வருசம் உரத்தைத் தடை செய்தாங்கள். அதுக்கடுத்த வருசம் பெற்றோல் வரிசை. 2022 ஏப்பிரலிலை மத்திய வங்கி போட்ட எல்லையே கழண்டு போச்சு, வருசம் முடிய முந்தி 36 மட்டும் ஏறினது. 18 எண்டு நினைச்சு வாங்கின பிரிட்ஜுக்கு 36 கட்டினவை எத்தினை பேர்! பிரிட்ஜுக்கு அது தெரியாது, அது தன்ரை பாட்டிலை குளிர்ந்து கொண்டிருந்தது. உன்ரை பாங்கிலை இண்டைக்கு எத்தினை எண்டு நீதான் கேக்கோணும். கேட்டனியோ? உன்ரை புதுப் போனிலை எத்தினை கமரா எண்டு கேட்ட வாய்தானே அது.

இவ்வளவும் சொன்னாப்போலை கார்ட்டைத்தான் திட்டுறன் எண்டு நினைச்சிடாதை. எங்கடை பக்கத்துக் கடனுகளுக்குள்ளை கார்ட் மரியாதையான கடன். 2009இலை சண்டை முடிஞ்ச பிறகு சனம் முகாமாலை திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழை இருக்கேக்கையே, ஏ9 வீதியிலை பாங்குகளும் லீசிங் கொம்பனியளும் போட்டி போட்டுப் பலகை தொங்கவிட்டுட்டினம். கூரை போட முந்தி மோட்டச்சைக்கிள் வந்தது. பெட்டையளுக்குக் குழுக்கடன் வந்தது. கிழமைக்கு ஒரு நாள் ஒரு வீட்டு முத்தத்திலை பாய் விரிச்சு இருப்பினம். கொம்பனிப் பெடியன் ஹெல்மெற்றைக் கழட்டாமல் நிண்டு காசு எண்ணுவான். ஒருத்திக்கு இல்லையெண்டால் மற்றவை போட்டுச் சரிக்கட்டோணும், இல்லாட்டில் ஒருத்தரும் எழும்பேலாது. அடுப்பிலை வைச்ச சோறு அடிப்பிடிச்சு மணக்கும். அவன் அசையான்.

கொம்பனிக்காரர் சொன்ன வட்டியைக் கேள். 50 ஆயிரம் தருவினம், கிழமைக்கு 1,250 ரூபாப்படி 52 கிழமை. மொத்தம் 65 ஆயிரம். வட்டி 15 ஆயிரம், நூற்றுக்கு 30தானே எண்டு சொல்லுவினம். கார்ட்டிலும் பாக்க இரண்டுதான் கூட எண்டு நீயும் தலையாட்டுவாய். ஆறு மாசம் போக, கடனெடுத்தவளின்ரை கையிலை நிக்கிற கடன் பாதிக்குக் கிட்டத்தான் மோனை. வட்டி மட்டும் முழு 50 ஆயிரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கு. குறையுற கடனுக்குக் கணக்குப் பாத்தால் அந்த 30, வருசத்துக்கு 54 அளவிலை வந்து நிக்கும். அதுதான் சொல்லுறன், ஒருத்தன் எத்தினை வீதம் எண்டு சொன்னால் நம்பாதை. வருசத்துக்கோ மாசத்துக்கோ, முழுக்கடனுக்கோ நிக்கிற கடனுக்கோ எண்டு கேள். மீற்றர் வட்டிக்காரன் ‘பத்துத்தான்’ எண்டுவான். அது மாசத்துக்குப் பத்து, வருசத்துக்கு 120. அவனிட்டைக் கடுதாசியும் இல்லை, கடைசித் திகதியும் இல்லை, பின்னேரம் படலையிலை வந்து நிப்பான்.

2018 செப்ரெம்பரிலை ஐக்கிய நாடுகள் சபையாலை ஹுவான் பாப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி எண்டு ஒருத்தர் இலங்கைக்கு வந்து கடன் நிலைமையைப் பாத்தவர். பேரை ஒருக்காச் சொல்லிப் பார், பல்லுக் கட்டினவைக்குச் சரிவராது. நுண்கடனுக்கு 220 வீதம் வரைக்கும் வட்டி வாங்குப்படுது எண்டு அந்த மனுசன்தான் எழுதினது. எங்கடை முத்தத்துப் பாயிலை நடந்தது உலகத்துக்குத் தெரிய வெளிநாட்டான் வரவேண்டிக் கிடந்தது. அதே வருசம் நிதி அமைச்சர் மங்கள சமரவீர, வரட்சி அடிச்ச 12 மாவட்டங்களிலை ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன் எடுத்து மூண்டு மாசத்துக்கு மேலை கட்டேலாமல் நிண்ட பெண்களின்ரை கடனைத் தள்ளுறது எண்டு அறிவிச்சவர். நிதிக் கொம்பனியள் நுண்கடனுக்கு வருசத்துக்கு 35க்கு மேலை வாங்கக் கூடாது எண்டும் கட்டினவை. நல்ல காரியம். ஆனால் ஒழுங்காக் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அதிலை ஒண்டுமில்லை. கிழமை தவறாமல் கட்ட அவள் காதிலை கிடந்ததைக் கழட்டினவள். அந்த வருசம் மார்கழியிலை வரட்சியும் போய் வெள்ளம் வந்தது, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள்ளை நிண்டது. கொம்பனிப் பெடியன் தண்ணி வடிய வந்தான்.

அடைவு வைக்கிறதை நீ இப்ப வெக்கமா நினைக்கிறாய். காலுக்கு மேலை காலைப் போட்டுக் கார்ட்டை நீட்டினால் மரியாதை, நகையைத் துண்டிலை சுத்திக்கொண்டு பாங்குக்குப் போனால் வெக்கம். 2023இலை கார்ட்டுக்கு 28 எண்டு எல்லை கட்டின அதே கையாலை, மத்திய வங்கி அடைவுக்கு 18 எண்டுதான் கட்டினது. ஒரு இலட்சத்துக்கு வருசத்திலை பத்தாயிரம் வித்தியாசம். வெக்கத்துக்கு உவ்வளவு விலை குடுக்க நீ ஆர், இரணைமடு முதலாளியோ? ஆனால் அடைவிலையும் மீட்கிற திகதி இருக்கு. விட்டால் ஏலம். போடுறதெண்டால் நெல்லு வெட்டுற மாசத்தைக் கணக்குப் பாத்துப் போடு.

‘வட்டியில்லாத் தவணை’ எண்டு ரவுணிலை தொங்குற பலகையளுக்குக் கீழையும் வாயைப் பிளந்து கொண்டு நிக்காதை. கடைக்காரனிட்டை ஒரு கேள்வி கேள்: கைக்காசுக்கு எவ்வளவு கழிப்பாய்? அவன் கழிக்கிற காசுதான் அந்த வட்டியில்லாத் தவணையின்ரை வட்டி. ஒரு சதமும் கழியான், தவணைக்கெண்டு வேறை கட்டணமும் இல்லையெண்டால் எடு, நல்லம்தான். இந்தக் கார்ட் கடனை அடுத்த பாங்கின்ரை கார்ட்டுக்குக் குறைஞ்ச வட்டியிலை மாத்தித் தாறம் எண்டும் கூப்பிடுவாங்கள். கட்டணத்தையும் சேத்துப் பாத்து, லாபமெண்டால் மாத்து. ஆனால் பழைய கார்ட்டை அண்டைக்கே வெட்டோணும். வெட்டாதவை கொஞ்ச நாளிலை இரண்டு கார்ட்டிலையும் கடன் வைச்சிருப்பினம்.

இனித்தான் உன்னை ஏன் கூப்பிட்டனான் எண்டதைச் சொல்லப்போறன். உன்ரை மாமி மகளுக்குப் போனிலை படம் காட்டிக்கொண்டு திரியிறியே, கொம்மா வெள்ளிக்கிழமையிலை எங்கை போறவ எண்டு தெரியுமோ? முத்தத்துப் பாய்க்குத்தான். போன காலபோகத்துக்கு உரம் எடுக்க என்ரை மோள் குழுக்கடன் எடுத்தவள். உனக்குச் சொல்லேல்லை. பெடியன் கார்ட் வைச்சிருக்கிறான், அவனுக்கேன் கரைச்சல் எண்டு நினைச்சிருப்பாள். அப்ப உன்ரை கடன் 28, அவளின்ரை கடன் 54. ஒரே உலையிலை சோறு வேகுது, இரண்டு கடன் தனித்தனியா ஓடுது.

வாற வெள்ளி நீயும் போய் நில்லு. ஹெல்மெற் பெடியனிட்டை, இண்டைக்கே முழுக்க முடிச்சால் எவ்வளவு, இனி வரப்போற கிழமையளின்ரை வட்டியைக் கழிப்பியளோ எண்டு கேள். வாயாலை சொன்னால் காணாது, எழுதித் தரச்சொல்லு. கழிக்கிறனெண்டால் கையிலை உள்ளதைப் போட்டு அதை முதல் முடி. கழியான் எண்டால் முந்திக் கட்டி ஒரு பிரயோசனமுமில்லை. கிழமைக் காசை மட்டும் தவறாமல் குடுத்துக்கொண்டு, மிச்சக் காசெல்லாம் கார்ட்டுக்குப் போகட்டும். எந்தக் கடனுக்கும் இன்னொரு கடனெடுத்துக் கட்டுற வேலை மட்டும் வேண்டாம்.

அதுமட்டும் உந்தக் கார்ட்டை அம்மம்மாவிட்டைக் குடுத்து வை. பாக்கு வாங்கப் பத்து ரூபா கேட்டாலே என்னட்டைக் கணக்குக் கேக்கிறவ அவ.