போனுக்குள்ள ஒரு பஞ்சாங்கம்

என்ன மோனை, ஒக்டோபர் முடிய முந்தியே முகம் கறுத்துக் கிடக்கு? ஆர்க்டிக் குளிர் இறங்குதாம், ஸ்நோ கொட்டுமாம், பேந்து மழை ஊத்துமாம் எண்டு போன் சொல்லுதோ? ரொறன்ரோவில குந்தியிருந்துகொண்டு, ஜனவரியில ஸ்நோ வருமெண்டு அறிய உனக்கொரு சாத்திரி வேணுமே?

உந்தப் 'போலார் வோர்ட்டெக்ஸ்' நேற்றுப் பிறந்த பேயில்லை. வடதுருவத்துக்கு மேல, கன உயரத்தில, ஒவ்வொரு பனிக்காலமும் சுத்துற காத்து. பலமாச் சுத்தினால் குளிர் அங்கயே அடைபட்டுக் கிடக்கும். தளர்ந்தால் தெற்கால வழுகி வரும். எப்ப தளரும், எந்தப் பக்கம் சரியும் எண்டு மூண்டு மாசத்துக்கு முந்தி ஆரும் நாள் குறிக்கேலாது. வானிலைக்காரரும் குறிக்கிறேல்லை. வழமையைவிடக் குளிராயிருக்க வாய்ப்புக் கொஞ்சம் கூட எண்டு அடக்கமாத்தான் சொல்லுவினம். கொம்பும் வாலும் வைக்கிறது உன்ர போன். மைனஸ் 15 உனக்குக் காணாது. காத்தையும் சேத்து மைனஸ் 25 எண்டால்தானே சிநேகிதருக்குப் படம் அனுப்பலாம்?

சாத்திரம்தான் வேணுமெண்டால் வயார்ட்டன் ஊருக்குப் போ. பெப்ரவரி 2இல வில்லி எண்ட வெள்ளைக் கிரவுண்ட்ஹொக் பிராணி தன்ர நிழலைக் கண்டால் இன்னும் ஆறு கிழமைக்குக் குளிராம். 1999இல அந்த நாள் வரமுந்தியே சீவன் போட்டுது. விட்டினமே? பெட்டிக்குள்ள ஒண்டை வளத்தி, கண்ணில காசு வைச்சு, கையில கரட்டும் குடுத்துக் காட்டினவை. 2021இல அதுவுமில்லை. மயிர்த்தொப்பி ஒண்டை மேல எறிஞ்சுபோட்டு, வசந்தம் கெதியா வருமெண்டினம். புது வில்லியும் செத்துப்போன கதை பேந்துதான் வெளியில வந்தது. தொப்பியும் சாத்திரம் சொல்லுது, பாத்தியோ!

அதே 1999 ஜனவரியில ஸ்நோவை அள்ள அப்ப ரொறன்ரோ மேயரா இருந்த மெல் லாஸ்ற்மன் ஆமியைக் கூப்பிட்டவர். நாடே சிரிச்சது. ஆமியைக் கண்டால் ஓடிப் பழகின எங்கட சனம், ஆமி சவளோட வந்து நிண்டதை அண்டைக்குத்தான் கண்டுது.

அது கிடக்கட்டும். வின்ரர் ரயர் போட்டியோ? 7 பாகைக்குக் கீழ போனால் மற்ற ரயர் இறுகி, பிடிக்காமல் வழுகும். வின்ரர் ரயர் போட்டால் இன்சூரன்ஸ்காரன் காசு குறைக்கவேணுமெண்டு 2016இல இருந்து ஒன்ராறியோவில சட்டமும் இருக்கு. உனக்கெங்க நேரம்? ஆயிரம் டொலருக்கு ஜக்கெற் வாங்கப் போட்டாய். துருவத்துக்குப் போறவன் போடுற ஜக்கெற்றாம். கீழ குனிஞ்சு பார், கணுக்கால் ரெண்டும் வெளியில. காதில தொப்பியில்லை, தலைமயிர் குலைஞ்சிடுமாம். குளிர் உன்ர ஜக்கெற்றின்ர விலையைப் பாத்தே உள்ள வரும்?

வாசலுக்கு முன்னால தெருவடிகான் வாய் இலையால அடைச்சுக் கிடக்கு. ஸ்நோவுக்கு மேல மழை பெய்தால் அந்தத் தண்ணி எங்க போகும்? உன்ர பேஸ்மென்ருக்குத்தான். உப்புப் பையைப் பாத்து இறுமாந்து இராத. மைனஸ் 20இல சாதாரண உப்புப் பனியை லேசில கரைக்காது, மண்தான் தூவவேணும்.

எழும்பு, சவளை எடுத்துக்கொண்டு போய் அந்த இலையை அள்ளு. ஜக்கெற்றைக் கழட்டி வைச்சிட்டுப் போ, வேர்க்கும். இஞ்ச கொண்டா, நான் போட்டுக்கொண்டு இருக்கிறன்.