ஆங்கிலப் பேராசிரியரும் குறுந்தொகையும்

கேள்வி: ஆயுள் முழுதும் ஆங்கில இலக்கியம் போதிக்கும் பேராசிரியர்களால் தமிழுக்கு ஏதேனும் பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அதைக் காணச் சில சமயம் சிக்காகோ வரை போக வேண்டும். 1929-இல் மைசூரில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, பெல்காமிலும் பரோடாவிலும் ஆங்கிலம் கற்பித்த ஏ. கே. ராமானுஜன், 1962-இல் சிக்காகோ சர்வகலாசாலை நூல்நிலையத்தின் நிலவறையில், பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிச் சென்ற இடத்தில், உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்து, அதற்கே மனத்தைப் பறிகொடுத்தார். தலைவி தோழியின் காதில் மட்டும் சொன்ன ரகசியங்கள், 1967-இல் அவருடைய மொழிபெயர்ப்பின் வாயிலாக, உலகத்தின் செவிக்கு எட்டின. ஆங்கிலக் கவிதையின் நுட்பங்களை வகுப்பறையில் ஆண்டுக்கணக்காக எடுத்துரைத்த அப்பியாசம் இல்லாவிடில், அம்மொழிபெயர்ப்பு அத்தனை ஜீவனோடு அமைந்திராது என்பது என் திடமான அபிப்பிராயம்.